தச்சர் பதில்கள்: ஷீட் இழுக்க ஒரு சின்ன வண்டி

கேள்வி: ஐயா, வீட்டோடு சேர்ந்த சிறிய பட்டறையில் கிச்சன் கப்போர்டு, வார்ட்ரோப் செய்கிறேன். எங்கள் சந்துக்குள் குட்டியானை வராது. தெருமுனையிலேயே பிளைவுட்டை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து 200 அடி. நானும் மனைவியும்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வருகிறோம். போன மாதம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சக்கரம் வைத்து நாமே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?
- ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: முடியும் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதுவரைக்கும் தங்கச்சியைத் தூக்க விடாதீர்கள். 8-க்கு 4 அடி அளவில் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலக் கனமுள்ள பிளைவுட் ஒன்று, மரத்தைப் பொறுத்து 30 முதல் 40 கிலோ வரும். எடை மட்டும் என்றால் அரிசி மூட்டை போலத் தூக்கிவிடலாம். இது அகலம். கை எட்டாது, பிடி கிடைக்காது, உடம்பைக் கோணிக்கொண்டு நடக்க வேண்டும். இடுப்பு போவது அந்தக் கோணலில்தான். என் அப்பா சும்மாடு வைத்துத் தலையிலேயே சுமந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்ப்பார். தனியாகப் பட்டறை போட்டதும் நான் முதலில் செய்தது அலமாரி இல்லை, வண்டிதான்.

அந்த முதல் வண்டி தப்பாகப் போனது. ஒரு பலகை, அடியில் எல்லாப் பக்கமும் திரும்புகிற 2 அங்குலக் காஸ்டர் வீல் நாலு. பட்டறைத் தரையில் அருமையாக ஓடியது. தெருவில் சாக்கடை மூடிக் கல் ஒரு அங்குலம் தூக்கி நின்ற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. மேலே இருந்த ஷீட் நிற்கவில்லை. மைக்கா ஒட்டி முடித்த ஷீட், மூலை நொறுங்கிவிட்டது. 2 அங்குலச் சக்கரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஒரு அங்குலம்தான். அதே உயரத்துக்கு எதிரே கல் வந்தால், எவ்வளவு இழுத்தாலும் முட்டுமே தவிர ஏறாது. அதனால் உங்கள் சந்துக்கு 8 அங்குலச் சக்கரம் இரண்டு வாங்குங்கள். கெட்டி ரப்பராக இருக்கட்டும், காற்றடிக்கும் டயர் வேண்டாம்.

ஷீட்டைப் படுக்க வைக்கக் கூடாது. 8 அடி விளிம்பு கீழே வரும்படி நிறுத்தி, அதன் நடுவில் மட்டும் வண்டியைக் கொடுக்க வேண்டும். தராசுத் தட்டு போல இரண்டு பக்கமும் சமமாக நிற்கும், எடை முழுவதும் சக்கரத்துக்குப் போய்விடும்.

பட்டறையில் கிடக்கும் துண்டு பிளைவுட் போதும். 18 அங்குல நீளம், 2 அங்குல அகலத்தில் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அடிக்கட்டை, ஒன்றரை அங்குலக் கனம். அதே நீளத்தில், 10 அங்குல உயரத்தில் இரண்டு பக்கப் பலகை. அடிக்கட்டைக்கு மேலே 6 அங்குலம் சுவராக நிற்கட்டும், கீழே இரண்டரை அங்குலம் தொங்கட்டும். பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள், ஆணி வேண்டாம். தொங்குகிற பாகத்தில், அடிக்கட்டைக்கு ஒரு அங்குலம் கீழே துளை போட்டு, 16 மி.மீ. இரும்பு ராடை இரண்டு பக்கமும் ஊடுருவ விட்டு, வெளியே சக்கரம், வாஷர், சக்கரம் கழலாமல் பூட்டும் பின் மாட்டுங்கள். வெறும் பிளைவுட் துளையில் ராடு விட்டால் சில மாதத்தில் துளை முட்டை போல நீண்டு, சக்கரம் ஆட ஆரம்பிக்கும். துளை வரும் இடத்தில் வெளிப்பக்கம் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்துத் துளை போடுங்கள்.

அடிக்கட்டை 2 அங்குல அகலம், அதாவது பக்கப் பலகைகளுக்கு நடுவே 2 அங்குல இடைவெளி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆறு நூல் ஷீட் இரண்டு சேர்ந்தால் ஒன்றரை அங்குலம். உள்சுவரில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாலும் தாராளமாக இறங்கும். ஒரே ஷீட் என்றால் ஆடும். பக்கத்தில் ஒரு ஆப்புக் கட்டை சொருகிக்கொள்ளுங்கள். அந்த ஆப்பை ஒரு கயிற்றில் வண்டியோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படுகிற அன்றைக்குத் தேட வேண்டியிருக்கும்.

ஏற்றும்போது ஷீட்டின் கீழ் விளிம்பில் 4 அடியில் பென்சில் கோடு போடுங்கள். ஒரு முனையைத் தூக்கி, வண்டியைக் காலால் உள்ளே தள்ளி, கோட்டைத் தாண்டி அரைச் சாண் அந்தப் பக்கம் போக விட்டு இறக்குங்கள். அப்போது உங்கள் பக்கம் கொஞ்சம் கனம் கூடும், அது உங்கள் கைக்குள் இருக்கும். எதிர்முனையில் கனம் கூடினால் அது தரையில் இடிக்கும், ஓடிப் போய்ப் பிடிக்க முடியாது. அப்புறம், காற்று. 32 சதுர அடிப் பலகை பாய்மரம்தான். ஆடி மாதக் காற்றில் ஒரு ஷீட்டுக்கு மேல் வைக்காதீர்கள், தங்கச்சி கூட வந்து மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

கேள்வி: இரண்டாவது மாடியில் வேலை. படியில் ஷீட் ஏற்ற ஏதாவது வழி உண்டா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: படியில் வண்டி வேண்டாம்மா, உருண்டு கீழே நிற்பவர் மேல் வரும். கட்டிங் அளவுகளை முன்பே எழுதிவைத்து, கீழேயே அறுத்துத் துண்டாக ஏற்றுங்கள். இரண்டடி அகலத் துண்டு என்றால் படி திருப்பத்தில் சுவரை இடிக்காது. முழு ஷீட்டாகத்தான் போக வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும். கனம் கீழே வருபவர் மேல்தான் இறங்கும், பலமானவர் கீழே நிற்கட்டும். படிவரைக்கும் சமதரையில் கொண்டுபோக 18 அடிக் கயிற்றை முனை சேர்த்து வளையமாக முடிந்து, ஷீட்டின் இரண்டு கீழ் மூலையிலும் மாட்டி, நடுவில் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். கை குனியாமல் தொங்குகிற உயரத்திலேயே பிடி வரும். இன்னொரு கையால் மேல் விளிம்பை அணைத்துக்கொள்ளலாம். நைலான் கயிறு உள்ளங்கையை அறுக்கும், பருத்திக் கயிறாக வாங்குங்கள்.