அச்சிடாமலே தீரும் மை

கேள்வி: எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் மாதம் நான்கைந்து பக்கங்கள்தான் அச்சிடுகிறோம். ஆனாலும் கார்ட்ரிட்ஜ் அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. மீறி அச்சிட்டால் எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. சர்வீஸ் சென்டரில் புதிய பிரிண்டர் வாங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: குறைவாக அச்சிடுவதே இங்கே சிக்கலுக்குக் காரணம். தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக மை பீய்ச்சப்படுவதால், பல நாள் ஓய்வில் அது துளைகளிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்பை நீக்க பிரிண்டர் தானாகவே மையைச் செலுத்திக் கழுவுகிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த மை உள்ளே இருக்கும் பஞ்சில் போய்த் தேங்குகிறது. கறுப்பில் மட்டும் அச்சிட்டாலும் வண்ண மை குறைவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதை விற்பனையின்போதே சொல்லாதது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். சுவிட்ச் போர்டில் அணைக்காமல், பிரிண்டரின் பொத்தானையே அழுத்தி அணைத்தால்தான் மைத்துளைகள் சரியாக மூடப்படும். கறுப்பு எழுத்து மட்டுமே போதுமென்றால், அடுத்த முறை லேசர் பிரிண்டரைப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதில் மைக்குப் பதிலாகப் பயன்படும் டோனர் தூளாக இருப்பதால் உலராது.

வாரண்டி காலத்திலேயே பழுதுபார்க்க மறுத்திருந்தால், பில்லுடன் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.