பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியம் மூன்றிலும் ஈரலைக் குறிக்கும் சொற்கள் ஒரே வேரிலிருந்து வந்தவையா?

ஆமாம், ஒரே வேர்தான். ஆனால் அந்த வேரின் பொருள் ஈரல் அல்ல, அத்திப்பழம்!

நான் முதலில் படித்தது பிரெஞ்சு. அதில் ஈரலுக்கு 'ஃபுவா'. பிறகு ஸ்பானிஷ் படித்தபோது 'ஈகதோ' வந்தது. இரண்டும் அக்கா தங்கை என்று ஆசிரியர் சொன்னபோது நம்ப முடியவில்லை. இத்தாலியத்தின் 'ஃபேகத்தோ', போர்த்துகீசியத்தின் 'ஃபீகது', ருமேனியத்தின் 'ஃபிகாத்' எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் முகஜாடை தெரிந்தது.

இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான லத்தீனில் ஈரலுக்கு முறையான சொல் 'யெக்குர்'. அத்திக்கு 'ஃபீக்குஸ்'. ரோமர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தைத் தீனியாகக் கொடுத்து ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். அத்தி தின்று வளர்ந்த வெள்ளை வாத்தின் ஈரல் விருந்தில் பரிமாறப்பட்டதை, கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹொராஸ் பாடியிருக்கிறார். பன்றிக்கு உலர்ந்த அத்தி கொடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் அபிசியஸ் என்ற ரோமானிய உணவுப்பிரியர் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இப்படிக் கொழுத்த ஈரலுக்குப் பெயர் 'யெக்குர் ஃபிகாத்தும்', அதாவது அத்தியூட்டிய ஈரல். கிரேக்கரின் சமையல் சொல்லைப் பார்த்து லத்தீனில் ஆக்கிக்கொண்ட பெயர் இது. பேச்சில் 'யெக்குர்' உதிர்ந்துபோய் 'ஃபிகாத்தும்' மட்டும் மிஞ்சியது. பிறகு அத்தி தின்னாத ஆட்டின் ஈரலும் அதுதான், மனிதனின் ஈரலும் அதுதான் என்றாகிவிட்டது.

இது நமக்குப் புதிதல்ல. எள் + நெய் = எண்ணெய். 'தேங்காய் எண்ணெய்' என்று சொல்லும்போது அதில் எள் எங்கே என்று யாராவது கேட்கிறோமா? சமையற்கட்டுச் சொற்களுக்கு இந்த பலம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் வாயில் புழங்குவதால் ஏட்டுச் சொல்லை எளிதாகத் தள்ளிவிடுகின்றன. கிரேக்கத்திலும் இதே கதைதான். ஹெப்படைட்டிஸ் என்ற நோயின் பெயரில் இருப்பது ஈரலுக்கான பழைய கிரேக்கச் சொல். இன்றைய கிரேக்கர்கள் கறிக்கடையில் கேட்பதோ 'சிகோட்டி', அதிலும் அத்திதான் இருக்கிறது.

ஸ்பானிஷில் முதலெழுத்து எங்கே போனது? லத்தீனின் 'ஃப' அங்கே 'ஹ' ஆகி, பிறகு ஒலியே இல்லாமல் போனது. மாவைக் குறிக்கும் 'ஃபரீனா' அங்கே 'அரீனா' ஆனதும் அப்படித்தான். நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதை நினைத்துக்கொண்டால் மனதில் நிற்கும். பிரெஞ்சில் நடுவிலிருந்த மெய்களும் தேய்ந்து 'ஃபுவா' என்ற ஒற்றை அசைதான் எஞ்சியது. நம்பிக்கை, தடவை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் அங்கே 'ஃபுவா' என்றே ஒலிக்கும். ஆனால் அவற்றின் வேர்கள் வேறு வேறு.

பொருளும் ஊருக்கு ஊர் கிளைத்திருக்கிறது. இத்தாலியர்களுக்கு 'ஃபேகத்தோ' இருப்பது என்றால் துணிச்சல் இருப்பது. பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லும் நமக்கு இது உடனே புரியும். ஸ்பானிஷில் ஈரலைக் கக்குவது என்றால் உயிரைக் கொடுத்து உழைப்பது. போர்த்துகீசியத்தில் ஒருவருக்குக் கெட்ட ஈரல் என்றால், அவர் சிடுசிடுப்பும் வன்மமும் கொண்டவர்.

எனக்கு மிகவும் பிடித்தது ருமேனியம். அங்கே அத்திப்பழத்துக்கே லத்தீன் பெயர் இல்லை. 'ஸ்மொகீனா' என்று ஸ்லாவிய மொழியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். பழத்தின் பழைய பெயர் இன்று 'ஃபிகாத்' என்று ஈரலுக்குள்தான் இருக்கிறது.