ஐந்தரைக் கட்டை எல்லாக் குரலுக்கும் பொருந்தாது

கேள்வி: எனக்கு வயது 44. மகளைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துச் சென்று வந்ததில் எனக்கும் ஆசை பிறந்து, அங்கேயே சேர்ந்தேன். சிறுமிகளோடு ஐந்தரைக் கட்டைச் சுருதியில், கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையைப் பாடும்போது மேல் சட்ஜத்தில் (மேலே வரும் ‘ச’வில்) என் குரல் பிசிறுகிறது. வகுப்பு முடிந்ததும் தொண்டை வலிக்கிறது. இந்த வயதில் குரல் படியாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: படியும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்கள் குரலுக்குப் பொருந்தாத சுருதியில் பாடி வருகிறீர்கள் என்றே தோன்றுகிறது. சுருதி என்பது பாட்டுக்கு ஆதாரமான ‘ச’வின் உயரம்; அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், கட்டை கூடினால் சுருதி உயரும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் பாடுவது வழக்கம் என்றாலும், அது வழக்கமே தவிர விதியன்று. கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) காற்றாகிப் போகாமலும், மேலே தார ஸ்தாயி காந்தாரம் (மேல் ஸ்தாயி ‘க’) வரை கழுத்து நரம்பு புடைக்காமலும் எந்தச் சுருதியில் பாட முடிகிறதோ, அதுவே உங்கள் சுருதி. நாலு கட்டையில் தொடங்கி, ஒவ்வொரு அரைக் கட்டையாக ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். கர்நாடக இசைப் பாடகி டி. கே. பட்டம்மாளின் கனத்த, ஆழ்ந்த குரலைக் கேட்டவர்கள் தாழ்ந்த சுருதியை ஒரு குறையாக எண்ண மாட்டார்கள்.

சிறுமிகளின் சுருதி உங்களுக்கு ஒத்துவராது என்பதை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லி, வாரத்தில் அரை மணி நேரமாவது தனியே ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். அதுவரை வீட்டில் உங்கள் சுருதியில் தம்புராவை ஒலிக்கவிட்டு, ‘ஆ’ என்று வாயை நன்றாகத் திறந்து, சட்ஜத்தை மட்டும் ஒரே மூச்சில் நீட்டிப் பாடுங்கள். குரல் தம்புராவோடு கலந்து, தனியாகக் கேட்காமல் போகும் கணத்தைக் காது அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பிறகு பஞ்சமம், அதன் பிறகு மேல் சட்ஜம். இந்த அகார சாதகத்தைப் பலரும் சலிப்பு என்று தாண்டிச் செல்கிறார்கள். சுருதி சேராமல் பத்துக் கீர்த்தனை பாடுவதைவிட, சேர்ந்து நிற்கும் ஒரு சட்ஜமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் கற்பிக்கும் முறையைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. பதினைந்தாவது மேளமான (தாய் ராகமான) அந்த ராகத்தில் ச–ரி, க–ம, ப–த, நி–ச ஆகிய நான்கும் நெருங்கிய ஜோடிகள். ரி–க, த–நி இரண்டும் விலகி நிற்பவை. கீழ்ப்பாதியின் இடைவெளிகளே மேற்பாதியிலும் அமைவதால், ‘ச ரி க ம’ சரியாக வந்துவிட்டால் ‘ப த நி ச’வைக் காது தானே பிடித்துக்கொள்ளும். ஆதி தாளத்தில் முதல் காலம் (மெதுவான வேகம்) ஆடாமல் நிற்கும்வரை இரண்டாம் காலத்துக்குப் (அதன் இரட்டை வேகத்துக்கு) போக வேண்டாம். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் பாடுவதைவிட, தினமும் இருபது நிமிடம் பாடுவது குரலுக்கு நல்லது. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஆசிரியர் இல்லாமல் கைபேசிச் செயலியை வைத்தே பாடக் கற்க முடியுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: தம்புராவுக்கும் தாளத்துக்கும் செயலி போதும். நேராக நீட்டும் ஸ்வரம் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதையும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’) ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அது எவ்வளவு அசைய வேண்டும், எங்கிருந்து இறங்க வேண்டும் என்பதை ஒருவர் பாடிக் காட்டி, நீங்கள் திருப்பிப் பாடி, அவர் திருத்த வேண்டும். ஆகவே வரிசைகள் வரை செயலியின் துணையோடு பழகினாலும், வரிசைகளுக்குப் பின் கற்கும் எளிய பாடலான கீதத்துக்கு வரும்போதாவது, நேரில் இல்லாவிட்டால் இணையவழியிலாவது, ஓர் ஆசிரியரிடம் சேர்ந்துவிடுங்கள்.