பையன் செய்தது ஹேக்கிங் இல்லை, அம்மா

ஒரு செய்தித் தளத்தின் தலைப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை வரவழைத்து உங்கள் மகன் காட்டினான் என்றீர்கள். ஹேக்கிங்கில் இறங்கிவிட்டானோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றும் சொன்னீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. பிரவுசரில் எஃப்12 அழுத்தினால், பக்கத்தின் உள்ளமைப்பைக் காட்டும் டெவ்டூல்ஸ் என்ற கருவிப்பெட்டி திறக்கும். அதில் அவன் மாற்றியது தன் திரைக்கு வந்த நகலை மட்டும்தான். ரீஃப்ரெஷ் செய்தால் பழைய தலைப்பே வந்துவிடும்.

சரி, ஆறுதல் இதோடு போதும். அவனுடைய சித்தப்பா சொல்கிறார் என்று அந்த ஏஐ பட்டப்படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கப் போகிறீர்கள். வைக்காதீர்கள். படிப்பில் குறை இல்லை. ஆனால் அதன் அடித்தளம் இயற்கணிதமும் நிகழ்தகவும். கணக்கு நோட்டைக் கண்டாலே எழுந்து போகிறவன் என்று சொன்னது நீங்கள்தான். பாதியில் விட்டுவிட்டு வந்தால் தவணை கட்டப் போவது சித்தப்பா இல்லை.

மற்ற வழிகளை எல்லாம் உறவினர்கள் ஏற்கெனவே அடுக்கியிருப்பார்கள். அவர்கள் யாரும் சொல்லியிருக்காத ஒன்று உண்டு: இணையதள அணுகல்தன்மைச் சோதனை. பார்வையில்லாதவர், கை நடுங்குகிறவர், சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஆகியோரால் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலை இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் ஆன்லைன் விற்பனை, வங்கிச் சேவை போன்றவற்றுக்கு இது சட்டக் கடமையாகிவிட்டது. அங்கே வியாபாரம் செய்ய நினைக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

வேலை தொடங்குவதே அவன் நோண்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியில்தான். குரோம் டெவ்டூல்ஸின் எலிமெண்ட்ஸ் பகுதியில் எழுத்தின் நிறத்தைக் காட்டும் சின்னக் கட்டத்தைத் தட்டினால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் தெரியும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து போட்டு அழகு பார்க்கும் தளங்கள் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். அதே டெவ்டூல்ஸின் ரெண்டரிங் பகுதியில் நிறக்குறைபாடு உள்ளவர் கண்ணுக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்று மாற்றிப் பார்க்கலாம். ஃபயர்பாக்ஸில் இதற்கென்றே தனி அணுகல்தன்மைப் பகுதி இருக்கிறது. குரோமிலேயே இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி மொத்தப் பக்கத்தையும் அலசி நூற்றுக்கு மதிப்பெண் போடும்.

நூறு வந்தாலும் நம்பக்கூடாது. படத்துக்கு மாற்று உரை (பார்க்க முடியாதவருக்காகப் படத்தை விவரிக்கும் வரி) இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும். எழுதியிருப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்பதை மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும். அதனால் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் வைத்து ஒரு படிவத்தை நிரப்பி முடிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் திணறும் தளங்கள் எத்தனை என்று அவனே கணக்கெடுப்பான் (அந்தக் கணக்கு அவனுக்குப் பிடிக்கும்). அப்புறம் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதே படிவத்தை நிரப்பட்டும். விண்டோஸ் கணினிக்கு அது இலவசம்.

நான் சொன்ன எதற்கும் காசு கிடையாது. பாடம் வேண்டுமென்றால் எம்டிஎன் என்ற இணையப் பாடத் தளத்தில், இணையப் பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இலவசமாகவே கிடக்கின்றன. இதைக் கற்றுத்தருகிறோம், வேலைக்கு உத்தரவாதம் என்று பெரிய தொகை கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உத்தரவாதம் நானும் தரமாட்டேன். பட்டம் கேட்கும் நிறுவனங்களும் இருப்பதால், கடன் இல்லாமல் கட்டமுடிகிற ஒரு சாதாரணப் பட்டப்படிப்பு கூடவே ஓடட்டும். அது எந்தப் பாடம் என்பதை அவனே சொல்லட்டும்.

அடமானப் பத்திரத்தை ஆறு மாதம் தொடாதீர்கள். அதற்குள் அவன் ஐந்து தளங்களைச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க அறிக்கை எழுதட்டும்: எந்த இடத்தில் பிழை, அதனால் யாருக்குச் சிரமம், எப்படிச் சரிசெய்வது. அந்த ஐந்து பக்கங்களோடு அவனை அழைத்து வாருங்கள். அன்றைக்கு அவன் பேசட்டும், நீங்களும் சித்தப்பாவும் வெளியே காத்திருங்கள்.