விலங்குகள் மாறிக்கொள்ளாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேனிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் முடித்த கையோடு காலநிலை மாற்றம் பற்றிப் பேசினேன். உருகும் பனியில் நிற்கும் பனிக்கரடிப் படத்தைக் காட்டியபோது ஒரு பையன் எழுந்து, "சூழலுக்கு ஏத்த மாதிரி உயிர்கள் மாறிக்கும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க? அப்ப சூடானாலும் மாறிக்கும்ல?" என்றான். "அவ்வளவு வேகமா மாறாது" என்று சமாளித்தேன். எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

கெட்டிக்காரப் பையன். ஆனால் நீங்கள் சொன்ன பதிலை வைத்தே அவன் உங்களை மடக்கிவிடுவான். ஏனென்றால் சில சமயம் வேகமாகவே மாறும்.

பசிபிக் கடலில் இருக்கும் காலாபகஸ் தீவுகளில் டாப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. பொடி விதைகள் தீர்ந்துபோய், நம்மூர் நெருஞ்சியின் இனத்துச் செடி ஒன்றின் முள்காய்கள் மிஞ்சின. தடித்த அலகு இருந்தால்தான் அதை உடைக்க முடியும். அடுத்த தலைமுறையில் சராசரி அலகு சுமார் 4 சதவீதம் பெரிதாகிவிட்டது.

பெரும்பாலும் நாம் இங்கேயே கதையை முடித்துக் கைதட்டு வாங்கிவிடுகிறோம். எந்தக் குருவியும் தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. 1,200 வாக்கில் இருந்த அந்த வகைக் குருவிகளில் 180 போலத்தான் தப்பின. சிறிய அலகுக்காரர்கள் செத்ததால் சராசரி ஏறியது. அதைத்தான் "மாறியது" என்கிறோம்.

இதை விளையாட்டாகவே காட்டலாம். 20 பிள்ளைகளில் 3 பேருக்குக் கட்டிங் பிளேயர், மற்றவர்களுக்கு ட்வீசர். முதல் சுற்றில் தரையில் கேழ்வரகும் தோலோடு வேர்க்கடலையும் கொட்டுங்கள். கையால் தொடக்கூடாது, கடலையை உடைத்துப் பருப்பை எடுத்தால்தான் கணக்கு. (தின்பது தனிக் கணக்கு.) அடுத்த சுற்றில் கேழ்வரகு கிடையாது. எதுவும் கிடைக்காதவர்கள் உட்கார வேண்டும். இந்த மாதிரி ஆட்டங்களில் வழக்கமாக அதிகம் பொறுக்கியவருக்குப் பரிசு கொடுத்து முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உட்கார்ந்திருக்கும் 17 பேரை எண்ணச் சொல்லுங்கள். "கருவியை மாத்திக்கலாமா மிஸ்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பையனுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

அப்புறம், கட்டிங் பிளேயரே இல்லாமல் ஒரு சுற்று. மொத்த வகுப்பும் உட்கார்ந்துவிடும். அப்போது பிராம்பிள் கே தீவைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் கடல்மட்டத்திலிருந்து 3 மீட்டர் போல உயரமுள்ள மணல் திட்டு. அங்கே மட்டும் வாழ்ந்த மெலோமிஸ் எலியைக் கடைசியாகப் பார்த்தது 2009இல். கடல்நீர் ஏறி, தின்னும் செடிகள் அழிந்தபோது தாக்குப்பிடிக்கும் எலி ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை, ஓட வேறு இடமும் இல்லை. 2019இல் ஆஸ்திரேலிய அரசு அது அற்றுப்போனதாக அறிவித்தது.

பனிக்கரடிப் படத்தை எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். உங்கள் பிள்ளைகளுக்கு வரையாடு போதும். மலையுச்சிப் புல்வெளியில் வாழும் விலங்கு. சூடு கூடினால் அதற்கு மேலே ஏற என்ன மிச்சம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கட்டிங் பிளேயர் மூன்று கிடைக்காவிட்டால் பாக்குவெட்டியை வைத்துச் சமாளிக்கலாம். விரல் பத்திரம்.