பகலில் பள்ளி, ராத்திரியில் இன்னொரு பள்ளி

கேள்வி: அக்கா, ஜப்பானில் சைத்தாமாவில் இருக்கிறேன். இரண்டு ஆரம்பப் பள்ளிகளுக்கு மாறி மாறிப் போகும் உதவி ஆங்கில ஆசிரியர். சம்பளம் கொடுப்பது பள்ளி அல்ல, ஆள் அனுப்பும் கம்பெனி. ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்று சம்பளத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பேச்சு ஆங்கிலப் பள்ளியில் வாரம் நான்கு நாள் மாலை 6 முதல் 9 வரையும், சனிக்கிழமை முழுநாளும் வரச் சொல்கிறார்கள். “விசாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எல்லோரும் செய்வதுதான்” என்கிறார் மேலாளர். வாரம் 28 மணி நேரம் வரை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். கம்பெனிக்குத் தெரியாமல் சேர்ந்துவிடலாமா?
பெயர் வேண்டாம், சைத்தாமா

பதில்: தம்பி, சட்டைப்பையில் இருக்கும் ரெசிடென்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையை, எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். விசாவுக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தால் அங்கே எழுதியிருப்பார்கள். காலியாக இருந்தால் அந்த மேலாளரிடம் “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

உங்களைப் போல் அரசுப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இன்ஸ்ட்ரக்டர் விசாதான். அது பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் செல்லும். பேச்சு ஆங்கிலப் பள்ளி பெயரில்தான் பள்ளி, குடிவரவுத் துறைக்கு அது ஒரு வியாபார நிறுவனம். அங்கே சொல்லிக்கொடுக்க வேறு விசா. அதே ஆங்கிலம், அதே வெள்ளைப் பலகை, ஆனாலும் விசா வேறு. அந்த மேலாளர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அவரிடம் இருக்கிற மற்ற ஆசிரியர்கள் அந்த வேறு விசாவில் இருக்கலாம். அவர்களுக்குக் கவலை இல்லை, உங்களுக்கு உண்டு. அந்த 28 மணி நேரக் கணக்கு பெரும்பாலும் மாணவர்களுக்கும் குடும்ப விசாவில் வந்தவர்களுக்கும் அனுமதியோடு சேர்த்துக் கொடுப்பது. அனுமதியே இல்லாதவருக்கு 28 மணி நேரமும் கிடையாது, ஒரு மணி நேரமும் கிடையாது.

அனுமதி வாங்குவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. வட்டாரக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பம், கூடவே இரண்டாவது வேலையில் என்ன பாடம், எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று காட்டும் ஒப்பந்தத்தின் நகல். கட்டணம் இல்லை. இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாம். நான் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தபோது, “இந்த வாரமாவது வருவீர்களா?” என்று அந்தப் பள்ளியிலிருந்து தினமும் போன். கையில் வந்த பிறகுதான் போனேன். இன்னொன்று: விசாவைப் புதுப்பிக்கும்போது இந்த அனுமதி தானாகத் தொடராது, மறுபடி கேட்க வேண்டும். நன்றாகத் தெரிந்தவர்களே கோட்டை விடும் இடம் இது.

சரி, கம்பெனிக்குச் சொல்வதா? சொல்லுங்கள். முதலில் ஒப்பந்தத்தில் பக்கவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். மறைத்தால் ஜூன் மாதம் காட்டிக்கொடுத்துவிடும். போன வருஷத்து மொத்த வருமானத்தின்மேல் நகராட்சி போடும் குடியிருப்பு வரி ஜூனில்தான் தொடங்கும். அதைச் சம்பளத்தில் பிடிக்கிற கம்பெனி என்றால், “நாம் கொடுத்த சம்பளத்துக்கு இவ்வளவு வரி வராதே” என்று கணக்கர் புருவத்தை உயர்த்துவார்.

வருஷக் கடைசி வரி நேர்செய்தல், அதாவது மாதாமாதம் பிடித்த வருமான வரியைக் கணக்குப் பார்த்துச் சரிசெய்வது, ஒரு கம்பெனியில்தான் நடக்கும். இரண்டாவது இடத்தில் வரியைக் கூடுதலாகவே பிடிப்பார்கள், பயப்படாதீர்கள். அங்கே வருஷத்துக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15க்குள் நீங்களே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு இடத்தின் கென்சென் சீட்டும் வேண்டும், அதாவது கொடுத்த சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய சீட்டு. நான் ஒன்றைத் தொலைத்துவிட்டு, பிப்ரவரிக் குளிரில் பழைய வேலையிடத்து வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

காகிதம் போகட்டும். நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். நான்கு மாலையும் ஒரு சனிக்கிழமையும் உங்களால் முடியாது.

நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஓடினேன். காலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ராத்திரி நான்கு பொறியாளர்கள். வகுப்பு மூன்று மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஒரு வகுப்புக்கு முன்னால் அரை மணி நேரத் தயாரிப்பு, பின்னால் மாணவர் குறிப்பு எழுதுவது, இதற்கெல்லாம் யாரும் சம்பளம் தருவதில்லை. ஒரு நாள் பைகள் மாறிப்போயின. பகலில் பிள்ளைகள் முன்னால் பையைத் திறந்தால், தாமதமான சரக்குக்கு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதும் பயிற்சி. ராத்திரி பொறியாளர்களுக்கு மிருகப் படச் சீட்டுகள். வேறு வழியில்லாமல் சீட்டைக் கலைத்துப் போட்டேன். ஐம்பது வயதிருக்கும் ஒருவர் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, “ஐ ஆம் எ ஜிராஃப்” என்றார். கேலியே இல்லை, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நவம்பரில் தொண்டை கட்டிக்கொண்டு பத்து நாள் குரலே வராமல் போனபோது யாரும் சிரிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் 45 நிமிஷப் பாடம், நாளுக்கு ஐந்து. 2020 முதல் ஐந்தாம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் மதிப்பீட்டு வேலையும் கூடிவிட்டது. அத்தனைக்கும் முதலீடு இந்தத் தொண்டைதான்.

அதனால் இப்படிப் பேரம் பேசுங்கள்: இரண்டு மாலை, பக்கத்துப் பக்கத்து நாள் வேண்டாம், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். விளையாட்டு விழா, பெற்றோர் பார்க்க வரும் வகுப்பு என்று பள்ளியே சில சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளும், அன்றைக்கு நீங்கள் இரண்டு இடத்திலும் கெட்ட பெயர் வாங்குவீர்கள். பெரியவர்கள் வகுப்பைக் கேளுங்கள், மறுபடி குழந்தைகளை எடுக்காதீர்கள். பாடப்புத்தகத்தை ஒட்டிப் போகும் வகுப்பாக இருந்தால் தயாரிப்பு பாதி. ஆகஸ்டில் மட்டும் கூடுதல் வகுப்பு தர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் ஓட்டை அந்த மாதத்தில்தானே இருக்கிறது, வருஷம் முழுக்க ஏன் அடைக்க வேண்டும்? கூடுதல் மணி நேரத்தையும் விண்ணப்பத்திலேயே காட்டிவிடுங்கள்.

கேள்வி: நானும் இன்ஸ்ட்ரக்டர் விசாவில்தான் இருக்கிறேன். காபிக் கடையில் உட்கார்ந்து தனியாகச் சொல்லிக்கொடுத்து ரொக்கமாக வாங்கினால் அனுமதி தேவையில்லைதானே?
ஒரு வாசகி, ஓசாகா

பதில்: தேவைதான். விசாவுக்கு ரொக்கம், வங்கி என்ற பேதமெல்லாம் கிடையாது. வரியும் உண்டு. 2 லட்சம் யென்னுக்குள் என்றால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியும். குடியிருப்பு வரிக்கு அந்தச் சலுகை இல்லை என்பது தெரியாது. நகராட்சியில் தனியாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரு பள்ளியில் தயாரித்த பாடத்தை இன்னொரு பள்ளியில் பயன்படுத்தலாமா?
பெயர் வேண்டாம், நகோயா

பதில்: நீங்களே வரைந்து வெட்டிய சீட்டு, நீங்களே யோசித்த விளையாட்டு என்றால், ஒப்பந்தத்தில் தடை இல்லாதவரை தாராளமாக. பள்ளி அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தின் நகலை எடுத்துப் போகாதீர்கள். அப்புறம், ஒரு சின்ன யோசனை: இரண்டு இடத்துக்கும் இரண்டு நிறத்தில் பை வாங்குங்கள். என்னுடையது சிவப்பும் நீலமும். மிருகச் சீட்டு இன்றைக்கும் சிவப்புப் பையில்தான் இருக்கிறது.