இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாத நான், பாக்கின் காண்டாட்டா பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை மேம்படுத்தலாமா?

தாராளமாக. அந்த ஐந்து கோடுகளில் எது எந்தச் சுரம் என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. ஆனாலும் ஒரு மழைக்காலம் முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 140ஆம் எண் காண்டாட்டாவோடு, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் பல பகுதிப் பாட்டோடு, மல்லுக்கட்டியிருக்கிறேன். 'வாகெட் அவுஃப்' என்று தொடங்குமே, அதுதான். 'விழித்தெழுங்கள்' என்று பொருள்.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் கட்டுரையை அப்படியே மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வந்ததை என் மணல்தொட்டியில், அதாவது விக்கிப்பீடியாவில் பயனர் எழுதிப் பழகும் பக்கத்தில், ஒட்டினேன். இரவு பதினொரு மணி, தூக்கக் கலக்கம். மறுநாள் காலை பேச்சுப் பக்கத்தில் ஒரு பயனர் ஒரே சொல்லில் கேட்டிருந்தார்: "இடுப்பா?" போய்ப் பார்த்தால், வாத்தியங்களின் பட்டியலில் "இரண்டு ஓபோக்கள், ஒரு இடுப்பு" என்று இருக்கிறது. ஓபோ ஒரு ஊதுவாத்தியம். இடுப்பு இருந்த இடத்தில் வர வேண்டியது டாய், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஒரு வகை ஓபோ. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு இடுப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. மொழிபெயர்ப்புக் கருவி அதைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'மூவ்மென்ட்' எனப்படும் பாட்டின் ஏழு பகுதிகள் 'ஏழு இயக்கங்கள்' ஆகியிருந்தன, ஏதோ கட்சி தொடங்கியதுபோல. எல்லாவற்றுக்கும் மேல், "மூல மதிப்பெண் தொலைந்துவிட்டது" என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்றால் இசைப்பிரதியும்தான். பாக் தன் கையால் எழுதிய முழு இசைப்பிரதி தொலைந்துவிட்டது என்பதுதான் அங்கே செய்தி. நல்லவேளையாகப் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்த தாள்கள் தப்பிப் பிழைத்து, பாக் வேலை பார்த்த ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் இருக்கின்றன.

அதையெல்லாம் அழித்துவிட்டு வேறு வழியில் தொடங்கினேன். இசையை விடுங்கள், இது எந்த நாளுக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். தேவாலயக் காண்டாட்டா என்பது கச்சேரிக்கு எழுதியது இல்லை. இந்த ஞாயிறு, இந்த வேதபாகம், அதற்கு இந்தப் பாட்டு என்று ஆராதனைக்காக எழுதியது. இதைப் புரிந்துகொண்டால் கட்டுரையில் பாதி எழுதிவிடலாம், ஒரு சுரம்கூடத் தெரிய வேண்டாம்.

140 முதலில் பாடப்பட்டது 1731 நவம்பர் 25 அன்று. திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் 27ஆம் ஞாயிறு அது. என் முதல் வரைவில் "ஆண்டுதோறும் இந்த ஞாயிறன்று பாடப்பட்டது" என்று தைரியமாக எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டேன். 1731இல் ஈஸ்டர் மார்ச் 25. அதிலிருந்து எட்டு வாரம் கழித்து, மே 20, திரித்துவ ஞாயிறு. அங்கிருந்து 27 வாரம் எண்ணினால் சரியாக நவம்பர் 25. அடுத்த ஞாயிறே கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிடுகிறது. அதாவது ஈஸ்டர் மிக முந்தி வரும் ஆண்டில்தான் இப்படி ஒரு 27ஆம் ஞாயிறே உண்டு. பாக் 1723இல் லைப்சிக்குக்கு வந்து 1750இல் இறக்கும்வரை அது வந்தது இரண்டே தடவை, 1731இலும் 1742இலும். "ஆண்டுதோறும்" அன்றைக்கே வெளியேறியது. பாக் 1724-25இல் சபையார் பாடும் ஞானப்பாட்டுகளை வைத்து வாராவாரம் எழுதிய காண்டாட்டா வரிசையில் இந்த நாளுக்கு ஏன் ஒன்றும் இல்லை, பின்னால் ஏன் சேர்த்தார் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். நாள் அந்த ஆண்டு வரவேயில்லை, அவ்வளவுதான்.

தேதி விஷயத்தில் இன்னொன்று. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள். 1950களில் ஆல்ஃபிரட் டூர் போன்ற ஆய்வாளர்கள் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் பிரதி எடுத்தவர்களின் கையெழுத்தையும் வைத்துப் பல காண்டாட்டாக்களின் காலத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய நூலிலிருந்து ஆண்டை எடுத்தால் புதிய நூல் ஒன்றோடு ஒப்பிடாமல் சேமிக்காதீர்கள். அப்புறம், 140 என்றால் 140ஆவதாக எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய முழுத்தொகுப்பில் அச்சான வரிசை எண் அது. காலவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து பாட்டின் சொற்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூலப்பாடல் பாக்குடையது இல்லை. பிலிப் நிக்கோலாய் என்ற போதகர் 1599இல் வெளியிட்டது. அதற்குச் சற்று முன்புதான் அவர் ஊழியம் செய்த ஊன்னா என்ற ஊரைக் கொள்ளைநோய் சூறையாடியிருந்தது. மூன்று சரணங்களின் முதலெழுத்துகளைப் பின்னிருந்து சேர்த்தால், G, Z, W என்று வரும். அவரிடம் படித்த இளம் வால்டெக் பிரபுவின் பட்டமான 'Graf zu Waldeck' என்பதன் முதலெழுத்துகள் அவை. பையன் 1598இல் இறந்துவிட்டான். நள்ளிரவில் மணவாளன் வர, விளக்கோடு காத்திருக்கும் பத்துக் கன்னிகைகளின் உவமைதான் பாட்டுக்கு ஆதாரம், மத்தேயு 25. பாக் இந்தச் சரணங்களை 1, 4, 7ஆம் பகுதிகளில் வைத்தார். இடையில் வருபவை பெயர் தெரியாத ஒரு கவிஞர் எழுதியவை. ஆன்மா மணமகளாகவும் கிறிஸ்து மணமகனாகவும் பாடும் இரண்டு ஜோடிப் பாட்டுகள் அதில் உண்டு.

இங்கே கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. மார்கழி விடியலில் தோழியை எழுப்பும் பாசுரங்களோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி, இப்போதும் சொல்கிறேன். ஆனால் அது சொந்த ஆய்வு. வேறொருவர் எழுதி அச்சில் வந்திருந்தால் மேற்கோள் காட்டலாம், நானே கண்டுபிடித்தது கலைக்களஞ்சியத்தில் செல்லாது. வெட்டி என் வலைப்பூவுக்கு அனுப்பினேன்.

இசையைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், சரி. காதால் கேட்பதைச் சான்றோடு பொருத்திப் பார்த்து எழுதுங்கள். நான்காம் பகுதியைக் கேளுங்கள். வயலின்களும் வியோலாவும் ஒரே குரலாக ஒரு மெட்டை வாசிக்கும். அது நடந்துகொண்டிருக்கும்போதே டெனர்கள், அதாவது உச்சக்குரல் ஆண் பாடகர்கள், தம் போக்கில் ஞானப்பாட்டை நீட்டிப் பாடுவார்கள். இரண்டு மெட்டும் ஒன்றுக்கொன்று கண்டுகொள்ளாததுபோல் போய், இடிக்காமல் சேரும். பாக்குக்கே பிடித்திருக்க வேண்டும், பின்னாளில் ஆர்கனுக்கு மாற்றி அச்சிட்டார். இதை எழுத எனக்குக் காது போதுமாயிருந்தது. சுருதி மாற்றம், எதிர்ப்புள்ளி நுட்பம் எல்லாம் தெரிந்தவர் வந்து சேர்க்கட்டும்.

ஒலிக்கோப்பு சேர்க்கும்போது மட்டும் கவனம். பாக்கின் இசைக்குப் பதிப்புரிமை இல்லை, வாசித்தவர்களின் பதிவுக்கு உண்டு. குறுந்தட்டோடு வரும் கையேட்டுக் குறிப்புக்கும் உண்டு.

கலைச்சொல்லுக்குத் தமிழில் தேடும்போது லுத்தரன் சபையினரைக் கேளுங்கள். தரங்கம்பாடிக்கு 1706இலேயே ஜெர்மன் மிஷனரிகள் வந்துவிட்டார்கள். ஜெர்மன் மெட்டில் பாடுவதை அவர்கள் ஞானப்பாட்டு என்பார்கள், நம் மெட்டில் பாடுவது கீர்த்தனை. நான் 'கோரல்' என்று எழுதிவைத்திருந்த இடத்திலெல்லாம் ஞானப்பாட்டு வந்தது இப்படித்தான்.

ஆறாம் பகுதி, ஓபோவோடு வரும் அந்த இரண்டாவது ஜோடிப் பாட்டுக்கு, நான் இன்னும் இரண்டு வரிக்குமேல் எழுதவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அங்கே கை வையுங்கள்.